குழந்தை தாயிடம் சேர்ந்தது

1

சித்தூரைத் தாண்டி கார்வேட்டிநகரம் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மாங்காய்க் காலம் முடிந்துவிட்டதால் இரண்டு பக்கத்துத் தோப்புகளிலும் ஆள் இல்லை. தோளில் குவைத்திலிருந்து கொண்டுவந்த அதே பை. விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டின் துண்டு இன்னும் அதன் பிடியில் தொங்கியது. திருமலையில் போட்ட மொட்டை வளர்ந்து, சீப்பு வைத்து வாரும் அளவுக்கு முடி வந்திருந்தது. மீசையும் பழையபடி வந்துவிட்டது.

பின்னால் வந்த டிராக்டர் நின்றது. "எக்கடிக்கி நாயனா?" என்று தெலுங்கில் கேட்டார் ஓட்டுநர். எங்கே போகிறாய் அப்பா என்று அர்த்தம். எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். முகம் தெரியாத ஆளையும் வாஞ்சையாக அப்படிக் கூப்பிடுவது உண்டு. விட்டுவந்த வீட்டில் என் மகள் இரண்டு மாதமாக என்னை அப்படிக் கூப்பிடவில்லை. இவர் முதல் பேச்சிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"புத்தூர்" என்றேன். வாயில் வந்த ஊர் அது. அங்கே எனக்கு யாரும் இல்லை.

2

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது எழுதுவதற்குக் காரணம் போன வெள்ளிக்கிழமை.

மறுபடியும் குவைத்தில்தான் இருக்கிறேன். குடிதண்ணீர் கேன் போடும் வண்டி ஓட்டுகிறேன். ஓட்டுவது குறைவு, படி ஏறுவது அதிகம். வெளிநாட்டில் என்ன வேலை என்று ஊரில் கேட்டால் இதைத்தான் சொல்ல முடியும்: மாடி ஏறுகிறேன், மாடி இறங்குகிறேன். வருடத்துக்கு ஒரு தடவை இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்க ஓர் அலுவலகத்தில் நிற்கிறேன். அங்கே என் பெயரை மூன்று பேர் மூன்று விதமாகக் கூப்பிடுவார்கள், மூன்றுக்கும் எழுந்து போகிறேன்.

வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை. நான் கேன் போடும் ஒரு வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். எல்லோரும் நம் பக்கத்தவர்கள், சித்தூர், திருப்பதி, நகரி, திருத்தணி. எல்லோரும் அம்மாக்கள். ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள். பால் பவுடரில் எது நல்லது, எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், எந்த டாக்டர் நம் பாஷை பேசுவார் என்று தொடங்கிய குழு. சுவரில் பெரிய டிவி. அதில் ஊரிலிருந்து ஒருவர் நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கப்போகிறவர்.

இந்தப் பெண்கள் ஓட்டுப் போட ஊருக்குப் போகப்போவதில்லை. அப்படியிருந்தும் வேட்பாளர் இவர்களைத் தேடி வருகிறார் என்றால் கணக்குத் தெரிந்துதான் வருகிறார். ஓர் அம்மா இங்கிருந்து தன் அம்மாவுக்கும் தங்கைக்கும் நாத்தனாருக்கும் சொன்னால் அங்கே ஒரு தெரு திரும்பும். மேடை வேண்டாம், லாரியில் ஆள் ஏற்ற வேண்டாம். பிள்ளைகளுக்கு நல்லது என்று சொன்னால் போதும். அதை எதிர்த்து எந்த வீட்டிலும் ஆண்கள் வாய் திறப்பதில்லை.

டிவியில் பேசியவரின் பெயர் ஹேமலதா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் வந்த கேள்விகளைப் படித்துச் சொன்னவள் கோமதி. என் மனைவி. நான் டிவிக்குக் கீழே, தண்ணீர் இயந்திரத்தில் கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு சித்தூர் பஸ் ஸ்டாண்டுல அந்த பாப்பாவ நாம புடிக்கலன்னா, இன்னிக்கு அது எங்க இருக்கும், யோசிச்சிப் பாருங்க" என்றார் ஹேமலதா.

கூட்டத்தில் ஒரு பெண் கேட்டார்: "அந்த ஆளு இன்னா ஆனான் மேடம்?"

"எவருக்குத் தெரியும்மா. ஊர வுட்டே ஓடிட்டான்."

கோமதி அடுத்த கேள்வியைப் படித்தாள். கேனுக்குள் தண்ணீர் குமிழ் விட்டு இறங்கியது. வீட்டுக்காரப் பெண், "அண்ணா, திருப்பதி லட்டு, ஊர்ல இருந்து வந்துச்சி" என்று ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். தின்றுகொண்டே படியிறங்கினேன்.

3

என் ஊர் குப்பத்துக்குப் பக்கத்தில் குடுபல்லி. அப்பா காலத்தில் நிலம் கிடையாது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டேன். படித்தது தெலுங்கில். தமிழ் எழுத்தைப் பஸ் பலகைகளிலும் பொட்டலம் மடித்த பத்திரிகைத் தாள்களிலும் கற்றுக்கொண்டேன். கோலாரில் கல் உடைத்தேன், திருப்பதியில் ஓட்டல் மேசை துடைத்தேன். சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்த காலத்தில் அங்கே டிரம் உருட்டினேன். கோமதி அதே ஆலையில் பழம் நறுக்கினாள். நகரிப் பக்கம் விவசாய வீட்டுப் பெண். கல்யாணமாகி, மகள் பவித்ரா தவழ்வதற்கு முன்னால் நான் விமானம் ஏறிவிட்டேன். திரும்பி வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. இடையில் அவளுக்கு நைனா என்பது கோமதியின் செல்லில் வருகிற ஒரு முகம். நிறைய முடி, தடித்த மீசை. அந்த முகத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் தூங்குவாளாம்.

சித்தூரில் ஹேமலதா நடத்திய அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நான் குறைவாகச் சொல்ல முடியாது. அவர் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர். பள்ளி வேன் நேரத்துக்கு வருவதில்லை என்று அவரும் நாலைந்து அம்மாக்களும் ஆரம்பித்தது. பிறகு நகரத்து அம்மாக்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். பள்ளிக்கு எதிரில் இருந்த சாராயக் கடையை எடுக்கவைத்தார்கள். கட்சிக்காரர்கள் வருடக்கணக்கில் மனுக் கொடுத்து நகராத கடை அது. அம்மாக்கள் எல்லோரும் ஒரே நாளில் அதிகாரியின் செல்லுக்குத் தங்கள் பிள்ளைகளின் படத்தை அனுப்பினார்கள். ஒரு வார்த்தை எழுதவில்லை, படம் மட்டும். கடை போய்விட்டது.

பவித்ராவுக்கு டெங்கு வந்து ரத்தம் தேவைப்பட்டபோது நான் குவைத்தில் ஒரு கிடங்கில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். குழுவில் கோமதி போட்ட ஒரு வரிக்கு முன்பின் தெரியாத பெண்கள் தங்கள் புருஷன்களை ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தார்கள். குழந்தை பிழைத்தது. அதன் பிறகு கோமதி அந்தக் குழுவின் ஆளாகிவிட்டாள். தெலுங்கில் வருவதைத் தமிழில் எழுதி நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ் அம்மாக்களுக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. பழம் நறுக்கிய பெண்ணை வாத்தியார் மனைவிகள் "கோமதிகாரு" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

4

குழந்தை பிழைத்ததற்குக் கோமதி திருமலைக்கு மொட்டை வேண்டியிருந்தாள். குழந்தைக்கும் எனக்கும். நான் வந்ததும் நாள் பார்த்தோம். கிளம்புகிற காலையில் கோமதி வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். கோயிலுக்கு வர முடியாது.

"தள்ளிப் போடாத. நேந்துக்கினது. நீயே இட்டுக்கினு போ, உன்கூட பழகட்டும்" என்றாள். ஒரு ராத்திரி தங்கித் தரிசனம் முடித்து மறுநாள் வருவது என்று பேச்சு.

மலையில் மொட்டை போடும் மண்டபத்தில் முதலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். அழுதாள், எல்லாக் குழந்தைகளும் அழுதன. பிறகு நான் தலையைக் கொடுத்தேன். அங்கே ஆண்களுக்கு மீசையையும் எடுத்துவிடுவார்கள். குளித்து, இருவர் தலையிலும் சந்தனம் பூசி, நனைந்த கவுனை மாற்றப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன். கையைப் பிடிக்கப் போனபோது பின்வாங்கினாள்.

"நைனா எங்க?"

"நான்தாம்மா நைனா."

"நீ இல்ல."

செல்லில் இருந்த என் படத்தைக் காட்டினேன். செல்லைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதான் நைனா. இவர வரச் சொல்லு" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மலையில் எல்லோரும் மொட்டை, அழுகிற குழந்தையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தரிசனம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. குழந்தை ஏங்குகிறதே, அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அன்றைக்கே பஸ் ஏறினேன். நான் செய்த தப்பு என்று தேடினால் அது ஒன்றுதான் கிடைக்கிறது. வீட்டுக்குச் சீக்கிரம் வந்தேன்.

5

பஸ்ஸில் மடியில் தூங்கினாள். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது விழித்து, என் முகத்தைப் பார்த்ததும் வீறிட்டாள். "இவரு எங்க நைனா இல்ல. எங்க அம்மாகிட்ட போணும்."

அந்த மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருப்பதாகச் செல்லுக்குச் செல் செய்தி பறந்துகொண்டிருந்தது. ஒரு பெண் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அன்பான முகம். "யாரும்மா இது?" என்று கேட்டார். பவித்ரா செல்லை நீட்டினாள். "இதான் எங்க நைனா."

படத்தையும் என்னையும் பார்த்தார்கள். மீசைக்காரன் படம், மீசை இல்லாத மொட்டை.

"அப்பன அடிச்சிப் போட்டுட்டு செல்ல தூக்கினு வந்துக்கிறான்டா."

"புள்ளைக்கு மொட்ட அடிச்சிக்கிறான் பாரு, அடையாளம் தெரியாத இருக்கறதுக்கு."

"சாமி மொட்டங்க, சந்தனம் பாருங்க" என்றேன்.

"இவனும் அடிச்சிக்கினு வந்துக்கிறான். நல்லா வேஷம்."

அதன் பிறகு பேசவிடவில்லை. எதனால் அடித்தார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. பல்லில் இரண்டு போயின. செல் யார் காலடியிலோ நொறுங்கியது. அந்தப் பெண் குழந்தையின் காதுகளைப் பொத்தி அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் எங்களைப் படம் எடுத்தார். அவரும் ஹேமலதாவின் குழுவில் இருப்பவர். குழுவில் ஒரு விதி உண்டு. குழந்தையின் முகத்தை வெளியே காட்டக் கூடாது. அவர் விதிப்படி குழந்தை முகத்தின் மேல் ஒரு மஞ்சள் உருண்டைப் பொம்மை முகத்தை ஒட்டித்தான் அனுப்பினார். என் முகத்தில் எதுவும் ஒட்டவில்லை.

போலீஸ் வந்து இழுத்துப் போனதால் உயிர் இருந்தது. ஏட்டு ஒருவர் ரேஷன் கார்டை வைத்துப் பார்க்கலாம் என்று கணினியில் தேடச் சொன்னார். கோமதி பெயர் இருந்தது, குழந்தை பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. வெளிநாட்டில் இருப்பவன் என்று எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

"நீ பேப்பர்ல இல்லியே" என்றார் ஏட்டு.

கோமதியின் எண் எனக்கு மனப்பாடம். போட்டுப் பார்த்தார்கள். வேறு அழைப்பில் இருந்தாள், மறுபடியும் வேறு அழைப்பில். எல்லைக் கிராமத்து அம்மாக்கள் எல்லோரும் அவளிடம்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். படத்தைத் தமிழ்ப் பக்கம் முழுவதும் அனுப்பியவள் அவள்தான். "மொட்டை அடித்துக் கடத்துகிறார்கள், இந்த முகத்தை மறக்காதீர்கள், தோழிகளே" என்று தன் கையால் எழுதி. கவுன் புதியது, குழந்தைக்கு மஞ்சள் முகம், ஆள் ரத்தம் வழியும் மொட்டை. நாங்கள் இன்னும் மலையில் இருக்கிறோம் என்று நினைத்திருந்தாள்.

கடைசியில் ஏட்டு தன் வீட்டுக்குப் போன் செய்தார். அவர் மனைவியும் அந்தக் குழுவில் இருந்தார். கோமதி உடனே ஸ்டேஷனுக்கு வரவும் என்று குழுவில் போடச் சொன்னார். ஸ்டேஷன் போனுக்குக் கிடைக்காதவள் அதற்குக் கிடைத்தாள்.

அவள் வந்தபோது ஸ்டேஷன் வாசலில் கட்சித் தலைவர் ஒருவர் ஹேமலதாவுக்கும் படம் எடுத்த பெண்ணுக்கும் சால்வை போட்டுக்கொண்டிருந்தார். கேமராக்கள் இருந்தன. கோமதி அவர்களைத் தாண்டி உள்ளே வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

6

இரண்டு நாள் கழித்து ஹேமலதா ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். மாநகராட்சித் தேர்தலில் நிற்க அதற்குள் அவருக்கு இடம் உறுதியாகிவிட்டது. நான் வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் படத்தில் இருப்பவன் குழந்தையின் அப்பா என்று குழுவில் ஒரு வரி. அது வராமல் நான் தெருவில் இறங்க முடியாது. பால் வாங்கப் போன இடத்தில் ஒருமுறை துரத்தப்பட்டுத் திரும்பி வந்திருந்தேன்.

"போட்டுட்லாம் அன்னா. ஆனா இப்ப போட்டா இன்னா ஆவும், சொல்லுங்க" என்றார் அவர். "நாளைக்கு நெஜமாவே ஒருத்தன் புள்ளைய தூக்கினு போவான். அழுவற புள்ளைய பாத்தும், அப்பனா இருப்பான்னு எல்லாரும் வுட்டுடுவாங்க. உங்க ஒருத்தர் மானம் பெருசா, அத்தன புள்ளைங்க பெருசா?"

அவர் பொய்யாகப் பேசவில்லை. நம்பித்தான் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்ப ஒண்ணும் போடமாட்டீங்களா?"

"போடறோமே. குழந்தை தாயிடம் பத்திரமாகச் சேர்க்கப்பட்டதுன்னு போடறோம். அதுல ஏதாச்சும் பொய் இருக்குதா?"

இல்லை. கோமதி எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதி அனுப்பினாள். கும்பிடும் கைகளும் பூக்களும் வந்து குவிந்தன. இரண்டு வாரத்தில் அம்மாக்களின் அடுத்த கோரிக்கையும் நிறைவேறியது. மாவட்டத்தில் எல்லாப் பள்ளிகளும் வாசலில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மீட்கப்பட்ட குழந்தையைப் பார்க்க அம்மாக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் பின்கட்டு அறையில் இருப்பேன். முடி கொஞ்சம் வளர்ந்ததும் வெளியே வந்து காப்பி கொடுக்க ஆரம்பித்தேன்.

"இவரு யாரு பாப்பா?" என்று ஒரு பெண் கேட்டார்.

பவித்ரா தன் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஊர் மாமா."

கோமதி சொல்லிக் கொடுத்திருந்தாள். நன்றாகச் சொன்னதற்கு அந்தப் பெண் குழந்தைக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார்.

7

ஹேமலதா ஜெயித்தார். அந்த வார்டில் பெண்கள் வரிசை தெருமுனை வரை நின்றதாம். நான் பார்க்கவில்லை. ஊர்வலம் எங்கள் தெரு வழியாகப் போனபோது ஒரு தட்டியில் அந்தப் படமும் இருந்தது. மஞ்சள் முகத்தை மட்டும் இன்னும் பெரிதாக்கியிருந்தார்கள். கோமதி ஜீப்பில் ஹேமலதாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் கேட்டேன். "செயிச்சாச்சி இல்ல. இப்ப போடு."

"இப்ப போட்டா பொய் சொல்லி செயிச்சிட்டாங்கன்னு எதிர்க்கட்சிக்காரன் கோர்ட்டுக்கு இழுப்பான்."

"அப்ப எப்பத்தான் போடுவ?"

"எதுக்குய்யா போடணும்? முடி வளந்துட்ச்சி, மீச வந்துட்ச்சி. ரோட்ல போனா எவளுக்குத் தெரியப் போவுது? அந்தப் படத்துல இருக்கறவன் வேற எவனோன்னு நெனச்சிக்கினு போயேன்."

"அவன அடிச்ச அடி எனுக்கு வலிக்குதுடி."

அவள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். "புள்ள சாவக் கெடந்தப்ப ரத்தம் குடுக்க ஓடியாந்தவங்கள நாலு பேர் காறித் துப்பற மாரி நான் எழுதணுமா? அன்னிக்கு நீ எங்க இருந்த?"

குவைத்தில் இருந்தேன். அவளுக்கும் தெரியும்.

மத்தியானம் பையை எடுத்தேன். கோமதி ஹேமலதா வீட்டுக்குப் போயிருந்தாள். பவித்ரா கூடத்தில் படுத்துச் செல் பார்த்துக்கொண்டிருந்தாள். "வரேம்மா" என்றேன்.

தலையைத் தூக்காமல் "டாட்டா மாமா" என்றாள்.

வீட்டில் அப்போது விருந்தாளி யாரும் இல்லை.

இப்போது அவள் பெரிய வகுப்பில் படிக்கிறாள். செல்லில் பேசும்போது என்னை எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை. "ஹலோ" என்பாள், "அம்மா பேசணுமாம்" என்பாள். தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறாள். தமிழ் எழுத்து வராது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

8

வீட்டை விட்டுவந்த அன்றைக்கு டிராக்டர்காரர் கார்வேட்டிநகரத்தில் இறக்கிவிட்டார். அங்கிருந்து பஸ். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். காலையில் டீ குடித்துவிட்டு வேலை கேட்டு நடந்தபோது, ஆங்கிலப் பெயர் வைத்த ஒரு பள்ளியின் வாசலில் ஆள் தேவை என்று எழுதி மாட்டியிருந்தது. உள்ளே போனேன். பள்ளியின் உரிமையாளர் அவசரத்தில் இருந்தார்.

"ஆர்டர் போட்டுட்டாங்க, கேட்ல ஆள் இல்லன்னா அம்மாங்க புள்ளைய அனுப்பமாட்டேங்கறாங்க. இன்னா படிச்சிக்கிற?"

"ஒம்போதாவது சார்."

"போதும். புள்ள குட்டி?"

"ஒரு பொண்ணு. அவங்க அம்மாகிட்ட கீது."

"தண்ணி கிண்ணி?"

"இல்ல சார்."

காக்கிச் சட்டை ஒன்று கொடுத்தார். அக்குளில் பழைய ஆளின் வியர்வை இருந்தது. வாசலுக்குக் கூட்டிப்போய் கேட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். கோமதி எழுதிய வரி அதன் கீழே தமிழிலேயே இருந்தது. இந்த முகத்தை மறக்காதீர்கள்.

"நல்லா பாத்து வெச்சிக்க. இந்த மூஞ்சி வந்துச்சின்னா உள்ள வுடாத. புடிச்சி வெச்சிட்டு எனுக்கு ஒரு சத்தம் குடு."

"சரி சார்."

முதல் வேன் வருவதற்கு முன்னால் ஓர் அம்மா நடந்தே மகளைக் கூட்டிவந்தார். சின்னப் பெண், புது ஆளைப் பார்த்து அம்மாவின் முந்தானைக்குள் போனது. "பயப்படாதம்மா. யாரும் உன்ன தூக்கினு போவாத இருக்கத்தான் இவர நிக்க வெச்சிக்கிறாங்க" என்று அந்த அம்மா குழந்தையின் கையை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்து, கேட்டைச் சாத்தி நின்றேன்.